யாருடைய எட்டாமிடம்?

எங்கள் பெரியப்பா 2017ஆம் ஆண்டு மாசி மாதம் இறந்தார். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை எங்கள் ஊர். அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. செப்டம்பரில் சம்பாவுக்காகத் திறந்துவிட்ட தண்ணீர் எங்கள் வாய்க்கால் வரை வரவில்லை. பெரியப்பா நேரடி விதைப்பு செய்துவிட்டு மழையை நம்பி உட்கார்ந்திருந்தார். வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த மாநிலமாக அரசு அறிவித்தபோது, ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், பயிர் முழங்கால் உயரத்தில் கருகி நின்றது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், வெளியில் வட்டிக்கு வாங்கியது, பெரியம்மாவின் தாலிச்சரடு தவிர மற்றதெல்லாம் அடகில். ஒரு நாள் காலையில் வாய்க்கால் கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், வீட்டுப் பெரியவர்கள் ஜாதகக் கட்டை எடுத்துக்கொண்டு வழக்கமாகப் பார்க்கும் ஜோசியரிடம் போனார்கள். இனிமேல் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாதே என்ற பயம். நானும் கூடப் போயிருந்தேன். அவர் பெரியப்பாவின் கட்டத்தைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "திருவோணம், மகர ராசி. சனி பதினொண்ணுல நிக்கிறான். லாப ஸ்தானம். இவருக்கு இப்ப கெடுதல் வர வேண்டிய நேரமே இல்லியே." கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "வீட்டம்மா என்ன ராசி?"

"பரணி. மேஷம்."

"அதானே பாத்தேன். அஷ்டமச் சனி."

அவ்வளவுதான். யாரும் பெரியம்மாவைத் திட்டவில்லை. யாரும் ஒரு வார்த்தை கூடத் தப்பாகப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, அவர் காதில் விழும்படி, ரொம்பவும் அனுதாபத்தோடு, "பாவம், அவளுக்கு நேரம் சரியில்ல, அது அவரை வாங்கிடுச்சு" என்று சொன்னார்கள். அன்றைக்குப் பெரியம்மாவின் முகத்தில் ஏற்பட்டதை நான் பிறகு பல பெண்களின் முகத்தில் பார்த்திருக்கிறேன். துக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்ட முகம். தான் செய்யாத ஒன்றைத் தான்தான் செய்தோம் என்று மெல்ல மெல்ல நம்பத் தொடங்கும் முகம்.

ஜோதிடம் மெய்யா பொய்யா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி அல்ல. அதற்கு வேறு இடங்களில் பதில் தேடியிருக்கிறார்கள். வானியற்பியலாளர் ஜெயந்த் நர்லிகர் 2008இல் மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினார். படிப்பில் சிறந்த பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து கொடுத்து, எது யாருடையது என்று சொல்லச் சொன்னார்கள். 27 ஜோதிடர்கள், ஆளுக்கு 40 ஜாதகம். சராசரியாக நூற்றுக்கு 46 சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதுதான் வந்திருக்கும். இதைப் பெரியம்மாவிடம் சொன்னால், "அந்த ஜோசியக்காரங்களுக்கு வாக்கு பலிதம் இல்லியோ என்னமோ" என்பார். எனவே அதை விட்டுவிடுவோம். என் கேள்வி வேறு. ஒரு கெட்ட காலத்தைக் கிரகத்தை வைத்துப் பொருள் சொல்லும்போது, அந்தப் பொருளின் பாரத்தை யார் தலையில் வைக்கிறோம்? வைக்க நமக்கு என்ன உரிமை?

சனிப்பெயர்ச்சியைப் பற்றி அதிகம் தெரியாத மாணவிகளுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை ஆண்டு தங்கி, சுமார் முப்பது ஆண்டில் பன்னிரண்டையும் சுற்றி வருகிறது. நம் ஜன்ம ராசிக்கு, அதாவது பிறந்தபோது சந்திரன் இருந்த ராசிக்கு, முன் ராசி, அதே ராசி, அடுத்த ராசி ஆகிய மூன்றிலும் அது இருக்கும் காலம் ஏழரைச் சனி. எட்டாம் ராசியில் இருந்தால் அஷ்டமச் சனி. நான்கில் இருந்தால் அர்த்தாஷ்டமம், ஏழில் கண்டகம். விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். ஏழரையும் அஷ்டமமும் மட்டுமே எந்த நேரத்திலும் நான்கு ராசிக்காரர்களைப் பிடித்திருக்கும்; அதாவது மூன்றில் ஒருவரை. மற்ற இரண்டையும் சேர்த்தால் பாதிப்பேர். மூன்று பேர் உள்ள ஒரு வீட்டில் கெட்டது நடந்தால் அவர்களில் யாராவது ஒருவருக்குச் சனி சரியில்லாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. தேடினால் கிடைக்கும். எனவே யாரிடம் தேடுகிறோம் என்பதே விஷயம்.

பெண்ணிடம் தேடுவதற்குச் சாஸ்திரமே வழி செய்து வைத்திருக்கிறது. ஆணின் ஜாதகத்தில் எட்டாமிடம் அவனுடைய ஆயுள். பெண்ணின் ஜாதகத்தில் அதே எட்டாமிடத்துக்கு மாங்கல்ய ஸ்தானம் என்று பெயர். அங்கே பார்க்கப்படுவது அவள் கணவனின் ஆயுள். ஒரே கட்டம், ஒரே எண். ஆணுக்கு அது அவன் உயிர், பெண்ணுக்கும் அது அவன் உயிர். இதை முதன்முதலாகத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது. அவளுடைய சாவுக்கு அவள் ஜாதகத்திலேயே முழுதாக ஓர் இடம் இல்லை. அவன் சாவுக்கோ இரண்டு ஜாதகத்திலும் இடம் இருக்கிறது.

நட்சத்திரங்களும் அப்படித்தான். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனனுக்கு, விசாகம் இளைய மைத்துனனுக்கு. ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்பதைச் சொல்லாத ஊர் தஞ்சைப் பக்கம் இல்லை. புருஷன் வீட்டில் ஒவ்வோர் உறவுக்கும் ஆகாத ஒரு நட்சத்திரம் உண்டு. மருமகள் எதில் பிறந்தால் தனக்கு ஆகாது என்று மட்டும் எவரும் எழுதிவைக்கவில்லை. இத்தனைக்கும் என் பெரியம்மா பரணி. பரணி தரணி ஆளும் என்பார்கள். அவர் பெயரில் அரைக் குழி நிலம் கிடையாது.

அந்த ஜோசியர் சொன்னதை நான் பல ஆண்டுகள் மறக்காமல் வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் வேறொன்றைத் தேடும்போது ஒரு செய்தி கண்ணில் பட்டது. நம் ஊர்களில் இரண்டு வகைப் பஞ்சாங்கம் புழங்குகிறது. பழைய சூத்திரங்களை அப்படியே வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று. பாம்புப் பஞ்சாங்கம் அந்த வகை. கோள்களின் இன்றைய உண்மையான இருப்பை வைத்துத் திருத்தப்பட்ட திருக்கணிதம் மற்றொன்று. சனிப்பெயர்ச்சி என்று வரும்போது இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் வித்தியாசம் வரும். திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுகிறது. அதன்படி சனி விருச்சிகத்தை விட்டுத் தனுசுக்குப் போனது 2017 டிசம்பர் 19. திருக்கணிதப்படியோ, 2017 ஜனவரி 26ஆம் தேதியே தனுசுக்குப் போய்விட்டது. ஜூனில் வக்கிரமாகி விருச்சிகத்துக்குத் திரும்பி, அக்டோபரில் மறுபடி தனுசு.

பெரியப்பா இறந்தது மாசியில். அதாவது பிப்ரவரி கடைசி.

காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். வாக்கியப்படி அன்று சனி விருச்சிகத்தில்: மேஷத்துக்கு எட்டு, மகரத்துக்குப் பதினொன்று. பெரியம்மாவுக்கு அஷ்டமச் சனி, பெரியப்பாவுக்கு லாபம். திருக்கணிதப்படி அன்று சனி தனுசில்: மேஷத்துக்கு ஒன்பது, மகரத்துக்குப் பன்னிரண்டு. பெரியம்மாவுக்கு அஷ்டமச் சனி விலகியாயிற்று, பெரியப்பாவுக்கு ஏழரை தொடங்கிவிட்டது. எந்தப் பஞ்சாங்கம் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது என்பதைப் பொறுத்து, அந்தச் சாவு ஒரு நாள் இவருடையது, இன்னொரு நாள் அவருடையது.

இதை ஜோதிடத்தின் ஓட்டையாகக் காட்டி மகிழ்ந்துவிடலாம். நானும் அன்று மாலை வரை மகிழ்ந்தேன். ராத்திரி படுத்துக்கிடந்தபோதுதான் வேறொன்று உறைத்தது. திருக்கணிதம் பார்க்கும் ஜோசியரிடம் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "பாவம், ஏழரை ஆரம்பிச்ச ஒரே மாசத்துல..." என்றிருப்பார். அந்தப் பாவம் பெரியப்பாவுக்கான இரக்கம். அதில் பழி இல்லை. அவருடைய ஏழரைச் சனி பெரியம்மாவின் தாலியை வாங்கிவிட்டது, நகைகளை அடகுக் கடைக்கு அனுப்பிவிட்டது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆணுக்குக் கெட்ட பெயர்ச்சி வந்தால் அது அவனுக்கு நேர்வது. பெண்ணுக்கு வந்தால் அது அவளால் நேர்வது. சனி ஒன்றுதான், வேற்றுமை உருபுதான் மாறுகிறது.

இந்த உருபு மாற்றம் பழையது. திருநள்ளாறே அந்தக் கதையின் மேல்தான் நிற்கிறது. நளன் அங்கே குளித்துச் சனியிலிருந்து விடுபட்டான் என்பது தலபுராணம். (மகாபாரதத்தில் அவனைப் பிடித்தது கலி, இங்கே சனி.) நளன் என்ன செய்தான்? சூதாடி நாட்டைத் தோற்றான். நடுக்காட்டில் தூங்கிக்கொண்டிருந்த மனைவியின் சேலையில் பாதியைக் கிழித்துக்கொண்டு அவளை விட்டுவிட்டு ஓடினான். எல்லாவற்றுக்கும் காரணம் சனி. குளத்தில் முங்கினால் போயிற்று. காட்டில் தனியாக விழித்துக்கொண்ட தமயந்திக்கு எந்தச் சனி என்று எந்தத் தலபுராணமும் கேட்கவில்லை. அவள் முங்குவதற்கு ஒரு குளமும் இல்லை. இன்றும் நளதீர்த்தத்தில் முங்கி எழுபவர்கள் உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். மலைபோல் சேரும் அந்தத் துணிகளை யாரோ அள்ளத்தானே வேண்டும்.

ஆனால் மறுத்த பெண்ணும் நம் பக்கத்துக்காரிதான். சிலப்பதிகாரத்தில் கோவலன் மாதவியிடம் இருக்கும் காலத்தில், தேவந்தி கண்ணகியிடம் வந்து ஒரு பரிகாரம் சொல்கிறாள். முற்பிறப்பில் கணவனுக்காக நோற்க வேண்டிய நோன்பில் நீ தவறினாய், அதனால்தான் இது. காவிரி கடலோடு கலக்கும் துறைக்குப் பக்கத்தில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரண்டு குளங்கள் இருக்கின்றன, அவற்றில் மூழ்கிக் காமன் கோயிலில் தொழுதால் கணவன் திரும்பி வருவான் என்கிறாள். அவன் போனது அவன் செயல். காரணமோ அவளுடைய முற்பிறப்பு. இன்று நவக்கிரகத் தலங்களில் புதனுக்கு உரியதென்று சொல்லப்படும் திருவெண்காட்டுக் குளங்களே அவை என்பாரும் உண்டு. கண்ணகி ஒற்றை வரியில் மறுத்துவிடுகிறாள். அது தனக்குப் பெருமை தருவதல்ல என்கிறாள். கண்ணகியைக் கற்புக்கு அரசியாக்கிச் சிலை வைத்ததில் நமக்குப் பல சண்டைகள் உண்டு. ஆனால் இந்த இடத்தை நாம் போதுமான அளவு பேசவில்லை என்று எனக்குத் தோன்றும். பிறகு மதுரையில் கணவன் வெட்டுண்டபோதும் அவள் யாருடைய நேரம் சரியில்லை என்று கேட்கவில்லை. யார் செய்தது என்று கேட்டாள். கேட்க வேண்டியவனிடம் போய்க் கேட்டாள். முற்பிறப்புக் கதை அவளுக்குச் சொல்லப்பட்டது ஊர் எரிந்த பிறகு. அதுவும் ஒரு பெண் தெய்வத்தின் வாயால். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

யார் செய்தது என்ற கேள்வியை, யாருடைய நேரம் என்ற கேள்வியாக மாற்றிவிடுவதுதான் இங்கே நடக்கும் வேலை. எங்கள் வீட்டில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன. அணையில் தண்ணீர் இல்லை, சரி. ஆனால் திறந்த தண்ணீர் கடைமடைக்கு ஏன் வரவில்லை? வாய்க்கால் ஏன் தூர் வாரப்படவில்லை? பயிர்க் காப்பீடு ஏன் நேரத்துக்கு வரவில்லை? வெளிக்கடனுக்கு அந்த வட்டி யார் போட்டது? இவற்றில் எதற்கும் பரணி நட்சத்திரத்தில் பதில் கிடையாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டதற்காக, ஒரு குடிசைக்குள் 44 தலித் மக்கள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்த 44 பேருக்கும் அன்று என்ன கிரகநிலை என்று ஒருவர் கேட்டால் நமக்கு உடம்பு கூசும். கேட்பது குற்றம் என்றே தோன்றும். ஒரே ஒரு பெண்ணிடம், அவள் வீட்டுக் கூடத்தில், மெல்லிய குரலில் கேட்டால் மட்டும் அது ஏன் அனுதாபமாகிவிடுகிறது?

கட்டம் எழுதிவைக்கும் வழக்கமே நிலமும் சாதியும் உள்ள வீடுகளின் வழக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வயலில் நடவு நட்ட பெண்கள் பலருக்குப் பிறந்த வருடமே "புயலுக்கு முந்தின வருஷம்" என்பதுதான். அவர்களுக்கு ஜாதகம் இல்லை. ஆனால் பழி உண்டு. "அவ கால் வச்ச நேரம்" என்று நேராகவே சொல்லிவிடுவார்கள். கணக்குப் போட்டுச் சொல்வது கொஞ்சம் மரியாதையான முறை, அவ்வளவுதான்.

மரியாதையான முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2023ஆம் ஆண்டு ஒரு சான்று. கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லிப் பாலுறவு கொண்டுவிட்டு ஏமாற்றினார் என்று ஒருவர் மேல் வழக்கு. அந்தப் பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம், அதனால்தான் கல்யாணம் முடியாது என்றது அவர் தரப்பு. ஜாமீன் மனுவை விசாரித்த அலகாபாத் உயர் நீதிமன்றம், அந்தப் பெண்ணுக்குத் தோஷம் உண்டா இல்லையா என்று பார்த்து மூன்று வாரத்தில் சொல்லும்படி லக்னோ பல்கலைக்கழக ஜோதிடத் துறைத் தலைவருக்கு மே மாதம் உத்தரவிட்டது. ஜூன் மாதத் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் தானாகவே தலையிட்டு அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. நல்லது. ஆனால் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் நாட்டின் ஓர் உயர் நீதிமன்றத்தில், புகார் கொடுத்த பெண் சோதிக்கப்பட வேண்டியவளாக நின்றாள்.

செவ்வாய் தோஷத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு ஆகிய ஐந்து இடங்களில் எதில் செவ்வாய் இருந்தாலும் தோஷம். லக்னத்திலிருந்து மட்டும் எண்ணினாலே பன்னிரண்டில் ஐந்து. சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணுவார்கள். அப்படி மூன்றையும் சேர்த்தால் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேருக்குத் தோஷம் வந்துவிடும். அப்புறம் யாருக்கும் கல்யாணம் நடக்காதே! அதனால் விதிவிலக்குகள், நிவர்த்திகள். பெண்ணுக்கு நல்ல வேலை, போடும் பவுனும் திருப்தி என்றால் விதிவிலக்கு சட்டென்று கண்ணில் படும். பிடிக்காத இடம் என்றால் தோஷம் கடுமையாக இருக்கும். பெண் பார்க்க வந்துபோன இடங்களில் நான் இதை இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பெரியம்மாவின் பக்கத்திலிருந்தும் பேச வேண்டும். ஏனென்றால் அவர் ஜோசியத்தை விடவில்லை. பெரியப்பாவின் வருஷத் திதி முடிந்ததும் திருநள்ளாறு போக வேண்டும் என்றார். என் சித்தப்பா ஒருவர் கறுப்புச்சட்டைக்காரர். அவர் கல்யாணம் ராகு காலத்தில், தாலி இல்லாமல், மாலை மாற்றி நடந்தது. 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வந்ததை இன்றும் தேதியோடு சொல்வார். நான் மதிக்கும் மனிதர். அவர் பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னது: "பொம்பளைங்களாலதான் இந்த மூடநம்பிக்கை அழிய மாட்டேங்குது." ஜோசியர் ஒரு பழி போட்டார், சித்தப்பா இன்னொன்று. பஞ்சாங்கம் கணிப்பவர் ஆண், கட்டம் போடுபவர் ஆண், அர்ச்சனை செய்பவர் ஆண், பெண் பார்த்த வீட்டுக்குத் தோஷம் என்று சொல்லி அனுப்புபவர் ஆண். எள் விளக்கு ஏற்றுபவள் மட்டும் பெண். மூடநம்பிக்கைக்கு அவளே பொறுப்பு!

பெரியம்மாவோடு நான்தான் போனேன். திருவாரூர் போய் பஸ் மாறி, காரைக்கால் பக்கம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுக வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இங்கெல்லாம் போர் போட்டுட்டாங்க பாரு" என்றார். ஒரு வருடமாக வீட்டு வாசலைத் தாண்டாதவர். கோயிலில் வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தார்; அந்தப் பெண் தன் மகனின் விபத்தைச் சொன்னார், இவர் தன் கதையைச் சொன்னார். எந்த ராசி என்ற கேள்வியோடு தொடங்கிய பேச்சு, இரண்டு மணிநேரத்தில் கடன், மருமகள், சர்க்கரை நோய் எல்லாவற்றையும் தொட்டது. அந்த வரிசையில் எல்லாரும் ஏதோ ஒன்றால் பிடிக்கப்பட்டவர்கள். அங்கே ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லவில்லை. திரும்பும்போது பெரியம்மா சொன்னார்: "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்டி."

கெட்ட பெயர்ச்சி என்ற சொல்லில் நான் மதிக்கும் இரண்டு விஷயங்கள் உண்டு. உனக்கு இது கஷ்டகாலம் என்று அது ஒப்புக்கொள்கிறது. பிறகு, இது இன்ன தேதியில் முடியும் என்கிறது. நம் பெண்களுக்கு இந்த இரண்டையும் வேறு யாரும் சொல்வதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நிமிடம். வங்கியில் அதுவும் இல்லை. "என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்பவர் ஊரில் ஜோசியர் ஒருவர்தான் என்றால், அதற்கு வெட்கப்பட வேண்டியது ஜோசியரிடம் போகும் பெண் அல்ல. தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மாணவிகள் கைபேசியில் தங்கள் ராசிக்குச் சனி எங்கே என்று பார்க்கிறார்கள். முப்பதை நெருங்கும் ஒருத்தி, "மேம், எனக்குச் சனி முதல் சுற்று முடியப் போகுது, அதான் எல்லாம் குழப்பமா இருக்கு" என்கிறாள். தன் வாழ்க்கையைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்க அவளுக்கு அது ஒரு மொழி. அந்த மொழியில் அவள் தன்னைப் பற்றிப் பேசும்வரை எனக்கு அவளோடு வழக்கு இல்லை. பக்கத்து அறைக்காரி தேர்வில் தோற்றதற்கு இவள் ஜாதகத்தைக் கேட்டால் வழக்கு உண்டு.

இது அவ்வளவு சுத்தமான பிரிவு அல்ல என்பதும் எனக்குத் தெரியும். தனக்காகப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் அதே பஞ்சாங்கத்தைத்தான் வாங்குகிறாள், அந்த வியாபாரம் நடப்பதால்தான் இன்னொரு வீட்டுக் கூடத்தில் "வீட்டம்மா என்ன ராசி?" என்று கேட்க முடிகிறது. பெரியம்மாவுக்கு ஆறுதல் தந்த கோயில் வரிசைக்கும், அவரைக் குற்றவாளியாக்கிய அந்த அரைநாளுக்கும் மூலதனம் ஒன்றுதான். இரண்டையும் பிரித்து ஒன்றை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால், என்னிடம் உறுதியான பதில் இல்லை. முடியாது என்று சொல்லும் தோழிகளின் வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை அவர்கள் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்றைப் பெரியம்மாவே கண்டுபிடித்தார். திருநள்ளாறு போய்வந்த சில மாதங்கள் கழித்து, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "சனி முப்பது வருஷத்துக்கு ஒருதரம்தானே சுத்தி வரும்? அப்ப இதுக்கு முன்னாடி எனக்கு அஷ்டமச் சனி எப்ப?"

எண்ணிச் சொன்னேன். 1985லிருந்து 1987 வரை.

முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "அப்பதான்டி சின்னவ பொறந்தா. அந்த வருஷந்தான் வீட்டுக்கு ஓடு மாத்துனோம். ரெண்டு போகமும் நல்லா வெளஞ்சுது. அதையெல்லாம் ஏன் என் சனி குடுத்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லல?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் பெரியப்பாவைப் பற்றிப் பேசும்போது குரல் வேறாக இருந்தது. துக்கம் குறையவில்லை, அது வெறும் துக்கமாக ஆகியிருந்தது.

2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போயிற்று. மேஷத்துக்கு ஏழரை ஆரம்பம். வாக்கியப்படி அந்த ஆண்டு பெயர்ச்சி கிடையாது, 2026இல்தான் என்று திருநள்ளாறு கோயில் நிர்வாகம் விளக்கம் கொடுத்தது. சித்திரையில் ஒரு நாள் பெரியம்மா போன் செய்தார். தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்.

"ஒருத்தர் ஆரம்பிச்சிடுச்சுங்கிறாரு, ஒருத்தர் அடுத்த வருஷந்தாங்கிறாரு. நான் எதுல இருக்கேன்?"

"உனக்கு எது சௌகரியம்?"

சிரித்தார். அறுபத்தைந்து வயதில் அந்தச் சிரிப்பு எனக்குப் புதிது. "அத விடு. ஒன்பது மாவும் இன்னும் பெரியப்பா பேருலயே கெடக்கு. எட்டு வருஷமாச்சு. ஜமாபந்தி வருதாம், என் பேருக்குப் பட்டா மாத்தி மனு எழுதணும். நீ வந்து எழுதிக் குடு. சனிக்கிழமை தாலுகா ஆபீஸ் லீவு, வெள்ளிக்கிழமையே வந்துரு."